மூன்று அணாவும் ஒரு கோப்பை கோக்கோவும்

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பூகம்பம் புரட்டிப் போட்டது. நிவாரணத்துக்காக நாடெங்கிலுமிருந்து பணம் வந்து சேர்ந்தது. ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்திய நிவாரணக் குழுவின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளத் தஞ்சாவூரில் பிறந்த தணிக்கையாளர் ஒருவரை அழைத்துப் போனார்கள். அவர் ஜே.சி. குமரப்பா. தொண்டர் ஒருவரின் ஒரு நாள் செலவு மூன்று அணாவைத் தாண்டக் கூடாது என்று அவர் வரம்பு கட்டினார். கொஞ்ச நாளில் காந்தியே தம் குழுவினருடன் வந்து இறங்கினார். அவருக்கான பால், பழம், கூட வந்தவர்களின் சாப்பாடு, காருக்குப் பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் மூன்று அணாவில் எப்படி அடங்கும்? காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயிடம் குமரப்பா நேராகச் சொல்லிவிட்டார். இந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார். செய்தி காந்திக்குப் போனது. அவர் கூப்பிட்டு விசாரித்தார், காரணத்தைக் கேட்டார், சரி என்று ஒப்புக்கொண்டார்.

நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். திருமங்கலத்தில் வீடு. எங்கள் வேலையில் பணம் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான். இது யாருடைய பணம், எதற்காகக் கொடுத்தது, எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதெல்லாம் அதற்கு முன்னால் வரும். அதனால் குமரப்பாவின் மூன்று அணா எனக்கு உடனே புரிந்தது. காந்தி பழம் சாப்பிடுவதில் அவருக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. வீடிழந்தவனுக்காகக் கொடுத்த காசில் அது வரக் கூடாது என்பதுதான் அவர் கட்சி. ஆசைக்கு எங்கே அணை போடுவது என்று எனக்குத் தெளிவாகக் காட்டிய சம்பவம் இதுதான். நம் ஆசை எவ்வளவு பெரியது என்று அளந்துகொண்டிருப்பதைவிட, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதே முதல் வேலை.

கோட்டும் சூட்டும் போட்டிருந்த காலம்

குமரப்பா பிறவித் துறவி இல்லை. 1892-ல் தஞ்சாவூரில் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் தணிக்கைப் பயிற்சி பெற்றார். பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். உடுப்பிலும் பழக்கவழக்கத்திலும் முழுக்க மேல்நாட்டு மனிதர். 1927-ல் அமெரிக்கா போய் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டுக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அங்கே ஒரு தேவாலயத்தில் அவர் பேசியது பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், ஆய்வுக்கும் அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். கணக்குப்பிள்ளையின் கண், நாட்டின் வரவு செலவுப் பக்கம் திரும்பியது அப்போதுதான். வரி யாரிடமிருந்து வருகிறது, யாருக்குச் செலவாகிறது என்று பார்க்கப் பார்க்க, இந்தியாவின் வறுமைக்கு ஆங்கில ஆட்சியின் நிதி நிர்வாகம் எவ்வளவு காரணம் என்பது அவருக்குத் தெரியவந்தது.

அந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மேல்நாட்டு உடையில் போனவர், சாணம் மெழுகிய தரையில் காந்திக்கு முன்னால் உட்கார்ந்தார். காந்தி அவரைக் குஜராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பினார். ஊர் ஊராகப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, விவசாயியின் வரவு என்ன, செலவு என்ன, கடன் என்ன என்று கணக்கெடுக்கும் வேலை. குமரப்பா கதருக்கு மாறினார். 1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம், வெல்லம், தேனீ வளர்ப்பு என்று வேலை நடந்தது.

அவர் கோட்டைக் கழற்றியது உடம்பை வருத்திக்கொள்வதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. மாத்தர் தாலுகாவின் கணக்கைத் தன் கையால் எழுதிய பிறகு பழைய செலவுகளைப் பழைய தலைப்பில் எழுத அவருக்கு மனம் ஒப்பவில்லை. இப்படித்தான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

கோப்பைக்குள் இருப்பவர்கள்

குமரப்பாவின் எழுத்தில் கோக்கோவைப் பற்றிய ஓர் உதாரணம் உண்டு. ஒரு கோப்பை கோக்கோ குடிக்கிறோம். அந்தக் கொட்டை மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டத்தில் வலுக்கட்டாயமாக வாங்கிய உழைப்பில் விளைந்திருக்கலாம். அது கடல் தாண்டி வந்த வழியை ஒரு வல்லரசின் கப்பற்படை தன் பிடியில் வைத்திருக்கலாம். கலந்த சர்க்கரைக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். காசு கொடுத்து வாங்கியவன், அந்தச் சங்கிலியில் நடந்த எல்லாவற்றிலும் பங்காளி ஆகிறான். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, தெரிந்துகொள்வது வாங்குபவனின் கடமை என்பது அவர் வாதம்.

தொலைதூரத்துப் பொருளைவிடப் பக்கத்து ஊர்ப் பொருளை அவர் ஏன் வற்புறுத்தினார் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. செக்கு ஆட்டுகிறவர் நம் தெருக்கோடியில் இருந்தால் அவருக்குக் கூலி சரியாகக் கிடைக்கிறதா, அவர் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று நமக்குத் தானாகவே தெரியும். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தால் விலைச்சீட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

இப்படி ஒரு சங்கிலியைப் பார்க்க ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. தீபாவளி சமயத்தில் மதுரை விளக்குத்தூண் பக்கம் போனால் பனியன் துணியும் நைட்டியும் பாதையிலேயே குவிந்து கிடக்கும். இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்பார்கள். அந்த நூல் நம் மேற்கு மாவட்டங்களின் ஆலைகளில் நூற்றதாக இருக்கலாம். அங்கே பல ஆலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்து, மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஆசைகாட்டிக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கினார்கள். வெளியே போகவும் பெற்றவர்களைப் பார்க்கவும் கட்டுப்பாடு. உடம்புக்கு முடியாமல் இடையில் நின்றுவிட்ட பெண்களுக்கு அந்தத் தொகை கைக்கு வராமலே போனது.

நூலுக்குப் பிறகு சாயம். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது சாயத் தண்ணீர்தான். அணை கட்டுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியேவிடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அதன் பிறகுதான் இறுகியது. இலவசமாக வந்த அந்த மூன்றாவது துணிக்கு உண்மையில் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். விடுதியில் அடைந்து கிடந்த பெண்ணும், கிணறு கெட்டுப்போன விவசாயியும் கொடுத்தார்கள்.

என் நோட்டில் ஒரு கட்டம்

வீட்டுச் செலவை நோட்டில் எழுதுவது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். தேதி, விவரம், தொகை என்று மூன்று கட்டம்தான் இருந்தது. குமரப்பாவைப் படித்த பிறகு நாலாவதாக ஒரு கட்டம் போட்டேன். மேலே 'யார் கை' என்று எழுதினேன். அரிசிக்கு நேராகப் பேரையூர்ப் பக்கத்து விவசாயி. எண்ணெய்க்கு நேராக எங்கள் ஊர் மரச்செக்கு. சில பொருளுக்கு நேராகக் கட்டம் காலியாகவே கிடக்கும். காலிக் கட்டம் நிறைய இருக்கும் மாதத்தில் நான் எதையும் யோசிக்காமல் வாங்கியிருக்கிறேன் என்று பொருள். அடுத்த மாதம் அதில் ஒன்றையாவது விசாரித்து நிரப்பப் பார்ப்பேன், அல்லது வாங்குவதைக் குறைத்துக்கொள்வேன்.

எனக்குக் காபி இல்லாமல் ஆகாது. அதை விடவும் எண்ணமில்லை. ஆனால் அது யார் கை என்று தேடிப் போனதில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கீழ்ப்பழனி மலையில் காபி விளைவது தெரிந்தது. பெரிய மரங்களின் நிழலில், நடுவே ஆரஞ்சும் மிளகும் வளரும் தோட்டங்கள். அங்கிருந்து கொட்டை வாங்கி இங்கே வறுத்து அரைத்துக்கொள்கிறேன். விலை கொஞ்சம் கூடுதல். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் என்று நிறுத்திக்கொண்டேன். பழையபடி நாலைந்து டம்ளர் கண்டதைக் குடிப்பதைவிட இந்த இரண்டும் நாக்குக்கு நன்றாக இருக்கிறது. ஆசையை அறுத்து எறியாமலே அதை ஒழுங்குக்குக் கொண்டுவரலாம் என்று நான் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

வாழ்க்கைத் தரத்தைப் பற்றி எழுதும்போது குமரப்பா, உயர்ந்த தரம் தாழ்ந்த தரம் என்று பேசுவதே தவறு என்கிறார். எளிய வாழ்க்கை, சிக்கலான வாழ்க்கை என்று பிரிப்பதே சரி என்பார். சாமான் கூடுவதால் தரம் கூடிவிடாது, சிக்கல்தான் கூடும். அரிசியையே பாருங்கள். தவிட்டோடு இருக்கும் அரிசியில் பி1 முதலான சத்து இருக்கிறது. தீட்டத் தீட்ட அது போய்விடுகிறது. வெள்ளைவெளேர் என்ற சோறு கௌரவம் என்று நினைத்து நாம் செலவு செய்து சத்தை இழந்தோம். குத்திக் கொடுத்த பெண்களின் கூலியும் அதோடு போனது.

கஞ்சத்தனத்துக்கு இதில் இடமில்லை

அளவாக வாழ்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கீரைக்காரியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்குச் சம்பளம் கூட்ட மனம் வராது. கேட்டால் சிக்கனம் என்பார்கள். தன் ஆசையைத் தொடாமல் அடுத்தவள் வயிற்றில் மிச்சம் பிடிப்பதற்குப் பெயர் சிக்கனம் ஆகாது. என் நோட்டில் மாதத்தின் முதல் வரி, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளம். அது போக மிஞ்சியதில்தான் மற்றதெல்லாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குறைத்துக்கொள் என்ற பேச்சு, நிறைய வைத்திருப்பவர்களுக்கு உரியது. மாத்தர் தாலுகாவில் குமரப்பா எடுத்த கணக்கு, விவசாயிக்கு எது போதவில்லை என்பதைக் காட்டுவதற்காகத்தான். அவர் கைத்தொழில் சங்கம் நடத்தியதும் இல்லாதவர் கையில் நாலு காசு சேர வேண்டும் என்பதற்காகத்தான். எங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணின் மகள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் பளபளப்பான பாவாடை கேட்டு அழுதாள். அவளிடம் போய் எளிமை பேசுவது பாவம். அந்தப் பிள்ளையின் ஆசை அத்தனையும் நியாயமானது.

பேரன் கேட்ட கேள்வி

போன வருடம் என் பேரன் புது போன் வேண்டும் என்று வந்து நின்றான்.

"இருக்கறதுக்கு என்னய்யா வந்துச்சு?"

"சார்ஜ் நிக்க மாட்டேங்குது அப்பத்தா. கேமராவும் சுமார்தான்."

போன் பேட்டரியில் கோபால்ட் என்று ஓர் உலோகம் இருக்கிறது. உலகத்துக்குக் கிடைப்பதில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் வெட்டி எடுக்கிறார்கள். அங்கே கையால் குழி தோண்டி எடுக்கிறவர்களில் சிறு பிள்ளைகளும் உண்டு. இதை அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

"அப்ப உங்க கழுத்துல கெடக்குற தங்கம் மட்டும் நல்ல வழியிலயா அப்பத்தா வந்துச்சு?"

கேட்டது நியாயம். பொன்னை மண்ணிலிருந்து பிரிக்க உலகம் முழுக்கப் பாதரசமும் சயனைடும் பயன்படுத்துகிறார்கள். அது தண்ணீரில் கலந்து குடிப்பவர்களுக்கு நஞ்சாகிறது. என் சங்கிலி என் அம்மா போட்டிருந்தது. அதைக் கழற்றி எறிவதால் யாருக்கும் லாபமில்லை என்று சொன்னேன். ஆனால் புதுத் தங்கம் வாங்குவதில்லை, பேத்தி கல்யாணத்துக்கு இருப்பதை அழித்துச் செய்வதோடு சரி என்று அன்றைக்கே அவன் முன்னால் முடிவு செய்தேன். பெரியவர்களின் செலவு கேள்விக்கு வராமல் பிள்ளைகளின் செலவு மட்டும் கேள்விக்கு வந்தால் அந்த வீட்டில் எந்த நியாயமும் நிற்காது. அவனும் போனுக்குப் புது பேட்டரி மட்டும் மாற்றிக்கொண்டான்.

இரண்டு நியாயங்கள் மோதும்போது

எல்லாவற்றுக்கும் இப்படிச் சுலபமாக விடை கிடைத்துவிடாது. பட்டுப்புடவை எடுப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சங்கடம். புடவை ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான கூடுகளைப் புழுவோடு வெந்நீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள். உயிர்க்கொலை வேண்டாம் என்றால் பட்டு கூடாது. நான் பட்டு வேண்டாம் என்றால் காஞ்சிபுரத்திலும் திருபுவனத்திலும் தறியில் உட்கார்ந்திருப்பவர் சோற்றுக்கு என்ன செய்வார்? அந்தப் பட்டறிவுள்ள கை விசைத்தறிக்குப் போய்விட்டால் திரும்பி வருமா?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் எடுத்த முடிவு இதுதான். அன்றாடத்துக்குப் பருத்திச் சுங்குடி. மதுரையில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிறவர்களிடமே வாங்குவேன். வீட்டில் கல்யாணம் என்றால் மட்டும் ஒரு கைத்தறிப் பட்டு, அதுவும் 1935 முதல் நெசவாளர் கூட்டுறவுக்காக இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸில். இதுவே சரியான விடை என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொருவர் பட்டே வேண்டாம் என்றால் அவர் முடிவை மதிப்பேன். ஆனால் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்க்காமல் பீரோவை நிரப்புவது எந்தப் பக்கத்து நியாயத்துக்கும் பொருந்தாது.

இப்படித் தடுமாறும் இடத்தில் எனக்குக் கைகொடுத்தது குமரப்பாவின் 'நிலைத்த பொருளாதாரம்'. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கைதாகி ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதியது. 1945-ல் காந்தி அதற்கு முன்னுரை எழுதினார். உயிர்கள் தம் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் விதத்தை அதில் ஐந்து படியாக வரிசைப்படுத்துகிறார். புலி இன்னொன்றைக் கொன்று தின்கிறது. குரங்கு தோப்பை வளர்க்காமல் பழத்தை மட்டும் பறிக்கிறது. பறவை தன் உழைப்பில் கூடு கட்டுகிறது. தேனீ தன் கூட்டத்துக்காக உழைக்கிறது. தாய் கைம்மாறு பார்க்காமல் குட்டிக்குக் கொடுக்கிறாள். மனிதன் ஒரு நாளிலேயே இந்த ஐந்து படியிலும் ஏறி இறங்குகிறான். ஒவ்வொரு செலவிலும் ஒரு படி மேலே போக முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரேயடியாகத் தாயின் படிக்குத் தாவ முடியாதவர்கள், குரங்கின் படியிலிருந்து பறவையின் படிக்காவது வரலாம். இதை நினைக்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது. நிறைவை எட்டாதவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது.

அதே நூலில் இன்னொரு பாகுபாடும் செய்கிறார். நிலக்கரி, பெட்ரோல் போல எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிற இருப்பு ஒரு வகை. மழை, மரம், பயிர்போல மறுபடி மறுபடி வருகிற வரத்து இன்னொரு வகை. இருப்பை நம்பி வளர்ந்த ஆசைகள் சண்டையில் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். எங்கள் பக்கத்தில் கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய காலமும் இருந்தது, ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு போட்டுப் போட்டிபோடும் காலமும் வந்துவிட்டது. அவர் சொன்னதன் பொருள் மானாவாரி மண்ணில் இருப்பவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

கல்லுப்பட்டியில் முடிந்த கணக்கு

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு குமரப்பா தலைமை தாங்கினார். 1949-ல் அறிக்கை வந்தது. உழுபவனுக்கு நிலம் சேர வேண்டும் என்று அவர் வாதாடினார். கடைசிக் காலத்தில் எங்கள் மதுரை மாவட்டத்துக்கு வந்து, தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். அவர் குடிலில் காந்தி படத்தோடு ஓர் ஏழைக் கிராமவாசியின் படமும் இருந்ததாகச் சொல்வார்கள். யார் என்று கேட்டவர்களிடம், காந்தி என் எஜமானர், இவர் என் எஜமானரின் எஜமானர் என்று அறிமுகப்படுத்துவாராம். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில் அவர் மறைந்தார்.

ஒரு தனி ஆள் நோட்டில் ஒரு கட்டம் போட்டால் நொய்யல் சுத்தமாகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாது. அதற்கு வழக்குப் போட்ட விவசாயிகள் தேவைப்பட்டார்கள், நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது, அதிகாரிகளின் கண்காணிப்பு இன்றும் தேவைப்படுகிறது. ஆனால் அந்த விவசாயியின் வழக்கு நம் துணியைப் பற்றியது என்று நமக்குத் தெரியாவிட்டால் நாம் யார் பக்கம் நிற்போம்? விலை இரண்டு ரூபாய் ஏறிவிட்டது என்று முணுமுணுக்கிறவர்கள் பக்கம்தான். தம் ஆசையின் சங்கிலியைத் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் அந்த நீதிமன்ற உத்தரவு தங்களுக்கும் சேர்த்துப் போட்டது என்று புரியும்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த மாதம் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாததை விடுவதில் பெரிய சிரமம் இல்லை, அதனால் பிடித்ததையே எடுங்கள். அது யார் கையிலிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் அடுத்த கடையில் கேளுங்கள். அந்தக் கைக்கு நியாயமான கூலி கிடைக்கிறது என்று தெரிந்தால் மனநிறைவோடு வாங்குங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. கிடைக்கவில்லை என்றால் குறையுங்கள், மாற்றுங்கள், அல்லது அவர்களுக்காக ஒரு கேள்வியாவது எழுப்புங்கள். எவ்வளவு போதும் என்ற கேள்விக்கு நான் பார்த்த வழிகளில் இதுவே நேர்மையானது.